திருப்பூரில் பார்த்த பழைய சிப்பாய் மீது இந்தியக் கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்து, இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறீர்கள். அம்மா அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். கொழும்பிலிருந்து வந்த பையர் தரப்பு ஆட்கள் யூனிட்டைச் சுற்றிப் பார்த்தபோது, அவர்களில் ஒருவரைக் கண்டதும் அம்மா கையிலிருந்த பீஸைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். 1996-இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பிய உங்கள் அப்பாவைச் சோதனைச் சாவடியில் இறக்கி உள்ளே கூட்டிப்போன சிப்பாய் அவர்தான் என்கிறார். அப்பா திரும்பி வரவே இல்லை. அந்த ஆள் மறுபடியும் ஆர்டர் விஷயமாக வருவார் போலிருக்கிறது. அப்படி வந்தால், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று இங்கேயே போலீசில் புகார் கொடுத்து இந்தியக் கோர்ட்டில் நிறுத்த முடியுமா என்பது உங்கள் கேள்வி.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அப்படியொரு குற்றம் நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா? வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டில் செய்ததை விசாரிக்க நம் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா? இரண்டும் இருந்தாலும், அந்த ஆள்தான் இவர் என்று நிரூபிக்க முடியுமா? மூன்றையும் கலந்து பேசுவதால்தான் உங்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. நான் ஈரோடு, கோபி கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். மேற்படிப்பில் சர்வதேசக் குற்றவியலை எடுத்துப் படித்தேன். முகாம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்த பழக்கமும் உண்டு. கொழும்பிலோ லண்டனிலோ நான் வழக்காட முடியாது. அந்த நாடுகளைப் பற்றி நான் சொல்வதை அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டு அடுத்த அடி வையுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் உறுதியானது: மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயரில் இந்தியச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. இதை நான் சொல்வதைவிட டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதையே எடுத்துக்கொள்ளலாம். 1984 சீக்கியர் படுகொலையில் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கொடுத்த 2018 டிசம்பர் தீர்ப்பில், நீதிபதிகள் முரளிதரும் வினோத் கோயலும் இந்த ஓட்டையை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்கள். இனப்படுகொலையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் நம் உள்நாட்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை, அவசரமாகச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் புதிய சட்டத் தொகுப்பே எழுதப்பட்டது. அப்படியிருந்தும் ஓட்டை அடைபடவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நாளைக்கே நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தாலும் உங்கள் அப்பா விஷயத்துக்கு அது உதவாது. அரசியலமைப்பின் 20(1) பிரிவு, செயல் நடந்த நாளில் அமலில் இருந்த சட்டத்தின்படிதான் ஒருவரைத் தண்டிக்கலாம் என்கிறது. எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட கொடுங்குற்றங்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு என்று சர்வதேச உடன்படிக்கையில் ஒரு வரி இருக்கிறது. நம் அரசியலமைப்பில் அந்த வரி இல்லை. ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் உங்களுக்குத் திறக்காது. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. அதோடு அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் 2002 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவற்றுக்கு மட்டும்தான்.

இந்தக் குற்றத்துக்கு என்ன வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ ஒரு தாக்குதல் நடந்திருக்க வேண்டும். கொலை, சித்திரவதை, ஆளைக் காணாமல் ஆக்குவது போன்ற ஒரு செயல் அந்தத் தாக்குதலின் பகுதியாக நடந்திருக்க வேண்டும். செய்தவருக்கு அந்தப் பெரிய தாக்குதலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ‘மேலதிகாரி சொன்னார், செய்தேன்’ என்பது இங்கே தற்காப்பு ஆகாது. சாதாரண சிப்பாய் என்பதும் தப்பிக்க வழியல்ல, அதிகபட்சம் தண்டனை குறையலாம்.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. பெயரை விட்டுவிடுவோம், கொலை அல்லது கொலை செய்வதற்காகக் கடத்தல் என்று சாதாரணப் பிரிவில் வழக்குப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான யோசனை. நம் பக்கத்திலேயே அப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஒரு மலைவாழ் கிராமத்தையே சூறையாடினார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், வழக்கு முடிவதற்குள் இறந்தவர்கள் போக மீதமிருந்த 215 பேரும் 2011 செப்டம்பரில் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெரிய சர்வதேசப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. சாதாரணத் தண்டனைச் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் போதுமானதாக இருந்தன. 19 ஆண்டு ஆனாலும் அடையாளம் காட்டிய பெண்கள் கடைசிவரை பின்வாங்கவில்லை.

ஆனால் வாச்சாத்தி நடந்தது நம் மண்ணில். யாழ்ப்பாணத்தில் இலங்கைக் குடிமகன் ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் கொலைக்கு, நம் பொதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கை நீட்டாது. வெளிநாட்டில் நடந்த குற்றத்தை நம் கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், செய்தவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது இந்தியாவில் பதிவான கப்பலிலோ விமானத்திலோ அது நடந்திருக்க வேண்டும். அப்போதும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதனால் நீங்கள் திருப்பூர் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் பெரும்பாலும் மனு வாங்கியதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எந்த ஊரில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அது எஃப்.ஐ.ஆரைப் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவதற்கான ஏற்பாடு. உங்கள் விஷயத்தில் உரிய ஸ்டேஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இதே இடத்தில் சங்கடமான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று பலர் கொல்லப்பட்டது இந்திய அமைதிப்படையின் கையால். அந்தச் சிப்பாய்கள் இந்தியக் குடிமக்கள். அதிகார எல்லை என்று மட்டும் பார்த்தால், இலங்கைச் சிப்பாயைவிட அவர்கள் மீதுதான் நம் சட்டத்துக்குப் பிடி அதிகம். ராணுவச் சட்டமும் அப்போது அவர்களை எட்டியிருக்கும். இருந்தும் முன் அனுமதி என்ற பூட்டு அங்கேயும் தொங்குகிறது. நம் நாட்டில் சிப்பாய் மீதான வழக்கு பெரும்பாலும் அந்தப் பூட்டில்தான் நின்றுபோகிறது. காஷ்மீரில் 2000-இல் நடந்த பத்ரிபல் கொலைகளில் ராணுவத்தினர் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம், கோர்ட் மார்ஷல் எனும் ராணுவக் கோர்ட்டா, சாதாரணக் கிரிமினல் கோர்ட்டா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை ராணுவத்துக்குக் கொடுத்தது. 2014-இல் ராணுவம் ஆதாரம் போதவில்லை என்று கோப்பை மூடிவிட்டது.

வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டில் செய்ததையும் விசாரிக்கலாம் என்று சொல்லும் இந்தியச் சட்டங்கள் சில இருக்கின்றன. அவற்றில் உங்களுக்கு நெருக்கமாகத் தெரிவது 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், உலகில் எங்கே செய்திருந்தாலும், அந்த ஒப்பந்தங்களைக் கடுமையாக மீறினால் இங்கே தண்டிக்கலாம் என்கிறது. படித்ததும் நம்பிக்கை வரும். இரண்டு இடத்தில் அது முட்டி நிற்கிறது. ‘கடுமையான மீறல்’ என்பது நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியது. இலங்கையில் 1996-இல் நடந்தது சட்டத்தின் கண்ணில் உள்நாட்டுப் போர். அடுத்து, அந்தச் சட்டத்தின் கீழ் அரசோ அரசு குறிப்பிட்ட அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் கோர்ட் கையிலெடுக்க முடியும். தனி ஆள் கொடுக்கும் புகாருக்கு இடமே இல்லை.

இன்னொன்று, வழக்கறிஞர்களே அதிகம் கவனிக்காத சட்டம்: தப்பியோடிய குற்றவாளிகளை வேறு நாட்டிடம் ஒப்படைப்பது பற்றிய 1962-ஆம் ஆண்டுச் சட்டம். 1993-இல் திருத்தப்பட்ட அதன் 34-ஆவது பிரிவு, ஒப்படைப்புக்குரிய குற்றத்தை யார் வெளிநாட்டில் செய்திருந்தாலும் அது இந்தியாவிலேயே செய்யப்பட்டதாகக் கருதப்படும், இங்கே வழக்கு நடத்தலாம் என்கிறது. திருத்தம் 1996-க்கு முந்தையது என்பதால் 20(1) பிரிவும் குறுக்கே வராது. வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டால் உங்கள் அப்பா வழக்குக்குக் கதவு திறந்திருப்பதுபோல் இருக்கும். ஆனால் இங்கிருந்து நான் சொல்வது உறுதி அல்ல, என் வாசிப்பு மட்டும். அந்தச் சட்டத்தின் மொத்த நோக்கம், ஒரு நாடு ஆளைக் கேட்டு, இந்தியா கொடுக்க முடியாத நிலையில், அவர் தண்டனையில்லாமல் போய்விடக் கூடாது என்பது. பக்கத்திலேயே இருக்கும் 34-ஏ பிரிவு அந்த முடிவை மத்திய அரசின் கையில் வைக்கிறது. இலங்கை அரசு அந்த ஆளைக் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. அப்படிப்பட்ட நிலையில் 34-ஆவது பிரிவு தனித்து நிற்கும் என்று ஒரு மாஜிஸ்திரேட்டை நம்பவைப்பது மிகக் கடினம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு, மத்திய அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு கேட்கலாம். வாழும் உரிமையைத் தரும் 21-ஆவது பிரிவு குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்பதால் மனு போடத் தடையில்லை. வெளியுறவு சம்பந்தப்பட்ட விஷயம் என்று கோர்ட் ஒதுங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அரசு மனசு வைத்தால்கூட என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் நம்மிடம் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இரண்டு மீனவர்களை இத்தாலியக் கடற்படையினர் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். இந்தியா கைதுசெய்து வழக்கும் போட்டது. 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம், அவர்கள் தங்கள் அரசின் பணியில் இருந்தவர்கள், அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அதே 2021 ஜனவரியில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், ஆப்கன் ராணுவத்தின் கீழ்நிலை அதிகாரி ஒருவர் வழக்கில் வேறு விதமாகச் சொன்னது: போர்க்குற்றம் என்றால் அரசுப் பணி என்ற போர்வை வெளிநாட்டுக் கோர்ட்டில் காப்பாற்றாது. கடலில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்கும் கைதிகளை வதைத்ததற்கும் வித்தியாசம் உண்டு என்பதால் இரண்டும் நேருக்கு நேர் மோதும் தீர்ப்புகள் அல்ல. உங்கள் அப்பா விஷயம் ஜெர்மன் தீர்ப்பின் பக்கம்தான் வரும் என்று நான் நினைக்கிறேன். நம் கோர்ட்டுகள் இதைத் தொட்டுத் தீர்த்ததில்லை.

உள்நாட்டுக் கோர்ட் ஒன்று அந்நியச் சிப்பாயை இந்தக் குற்றத்துக்காகத் தண்டிப்பது வெறும் ஆசையல்ல, நடந்திருக்கிறது. ஸ்பெயின் கோர்ட் 2005-இல் அர்ஜென்டினக் கடற்படை அதிகாரி ஸிலிங்கோவைத் தண்டித்தது. கைதிகளை விமானத்திலிருந்து கடலில் வீசியதில் அவருக்குப் பங்கு இருந்தது. நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய வழக்கு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் நடந்தது. சிரிய உளவுத்துறைக் கர்னல் அன்வர் ரஸ்லான், டமாஸ்கஸ் சிறை ஒன்றில் நடந்த சித்திரவதைக்கும் கொலைகளுக்கும் பொறுப்பாளி என்று 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை பெற்றார். ஒரு காலத்தில் அவரால் கைதுசெய்யப்பட்டதாகச் சொல்லும் சிரிய வழக்கறிஞர் ஒருவர், பெர்லின் அகதிகள் மையத்தில் அவரை எதிரே பார்த்திருக்கிறார். தெரிந்த முகம், ஆனால் யாரென்று உடனே பிடிபடவில்லை. அவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவர் கீழ்நிலை ஆள். ஆர்ப்பாட்டத்தில் பிடிபட்டவர்களைப் பஸ்ஸில் அந்தச் சிறைக்குக் கொண்டுபோக உதவியவர். உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தே கொண்டுபோனார் என்று அவருக்கு நாலரை ஆண்டு கிடைத்தது. சாவடியில் இறக்கி உள்ளே கூட்டிப்போனது மட்டும் குற்றமாகுமா என்ற சந்தேகம் உங்களுக்கு எழலாம், அதற்கு என்னிடம் இருக்கும் நெருங்கிய விடை இந்தத் தீர்ப்புதான்.

ஆனால் எல்லா நாட்டுச் சட்டமும் 1996 வரை பின்னால் போகாது. ஜெர்மனியின் சட்டம் 2002 ஜூன் கடைசியில் அமலுக்கு வந்தது. சுவீடனில் இந்தக் குற்றம் 2014 ஜூலையிலிருந்துதான். பிரிட்டன் 1991 வரை பின்னோக்கிப் போகும், ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் அந்நாட்டுக் குடிமகனாகவோ அங்கே குடியிருப்பவராகவோ இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பத்திரிகையாளர் நிமலராஜன் 2000-இல் கொல்லப்பட்டது தொடர்பாக 2022-இல் லண்டன் போலீஸ் ஒருவரைக் கைதுசெய்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். கனடாவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன் நடந்தவற்றையும் எட்டும், ஆள் கனடா மண்ணில் கால் வைத்திருந்தால் போதும். பனியன் வியாபாரத்தில் இருப்பவர் திருப்பூருக்கு வருவதுபோல் டொரண்டோவுக்கும் போகலாம். அந்த ஆள் இன்னார் என்று உறுதியானால் இந்த வாசல் நினைவில் இருக்கட்டும்.

இலங்கைக் கோர்ட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 1996 செப்டம்பரில் செம்மணிச் சாவடியில் நிறுத்தப்பட்ட பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், அவரைத் தேடிப்போன அம்மாவும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998-இல் கொழும்பு உயர் நீதிமன்றம் சிப்பாய்களுக்கு மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்ட சோமரத்ன ராஜபக்ச என்ற லான்ஸ் கோப்ரல்தான், செம்மணியில் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கோர்ட்டிலேயே சொன்னவர். 1999-இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. 2025-இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் யாழ்ப்பாணம் நீதவான் மேற்பார்வையில் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, ஒரு குழந்தையின் நீல நிறப் புத்தகப் பையோடு. மிருசுவிலில் 2000 டிசம்பரில் 8 பேரைக் கொன்றதற்காக சுனில் ரத்நாயக்க என்ற ராணுவ சார்ஜன்ட்டுக்கு 2015-இல் மரண தண்டனை கிடைத்தது, 2019-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். அந்தச் செய்தி வந்தபோது முகாமில் பல வீடுகளில் சோறு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: தீர்ப்பு ரத்தாகவில்லை, தண்டனைதான் போனது. அந்தச் சிப்பாய் கொன்றார் என்பது நீதிமன்றப் பதிவாக இன்றும் நிற்கிறது.

இனி மூன்றாவது கேள்வி. உங்கள் மனசு நோகாமல் இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட முப்பது வருடத்துக்குப் பிறகு, சிவில் உடையில், சில நிமிடம் பார்த்த முகத்தை வைத்து எந்த நாட்டுக் கோர்ட்டும் ஒரு மனிதனைத் தண்டிக்காது, தண்டிக்கவும் கூடாது. இஸ்ரேலில் ஜான் டெம்யான்யுக் வழக்கு இதற்கு உதாரணம். நாஜிகளின் ட்ரெப்ளிங்கா வதைமுகாமில் தப்பிப் பிழைத்தவர்கள் பலர், எங்களைக் கொடுமை செய்த காவலாளி இவன்தான் என்று சாட்சிக்கூண்டில் ஏறிக் கை நீட்டினார்கள். 1988-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1993-இல் சோவியத் ஆவணங்கள் வெளிவந்தபோது அந்தக் காவலாளி வேறொருவராக இருக்கலாம் என்று தெரிந்து, இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. பிறகு 2011-இல் ம்யூனிக் கோர்ட் வேறொரு முகாமில் அவர் காவலாளியாக இருந்ததற்குத் தண்டனை கொடுத்தது. அந்த முறை கைகொடுத்தது அவருடைய அடையாள அட்டையும் பணிப் பதிவுகளும்.

அதனால் உங்கள் வழக்கில் பலவீனமான இடம் எது என்று தெளிவாகத் தெரிகிறது. 1996-இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் இப்படிக் காணாமல் போனார்கள் என்பதை நிரூபிக்க அறிக்கைகளும் தீர்ப்புகளும் புதைகுழிகளும் இருக்கின்றன. பரவலான தாக்குதல் என்ற பகுதி கடினமல்ல. அந்தத் தேதியில் அந்தச் சாவடி எந்தப் படைப்பிரிவின் கையில் இருந்தது, இந்த ஆள் அந்தப் பிரிவில் இருந்தாரா என்ற இணைப்புக் கண்ணிதான் இல்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது விசாரணை அமைப்பின் வேலை. அம்மா செய்ய வேண்டியது, தனக்குத் தெரிந்ததைக் கலப்படமில்லாமல் இப்போதே பதிவுசெய்வது.

பதிவுசெய்வதில் நான் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். அம்மாவைப் பேச விடுங்கள், குறுக்கே வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். சாவடி எந்த ரோட்டில், எந்தக் கோயிலுக்கோ கடைக்கோ பக்கத்தில்? மணல் மூட்டையா, பனங்குற்றியா? அம்மா எவ்வளவு தூரத்தில் நின்றார், வெளிச்சம் எப்படி? சிப்பாய் என்ன மொழியில் பேசினார், தோளிலோ கையிலோ ஏதாவது பட்டை இருந்ததா, முகத்தில் தழும்பு உண்டா? அடுத்த நாள் போய்க் கேட்டபோது யார் என்ன சொன்னார்கள்? தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ‘தெரியாது’ என்று பல இடத்தில் இருக்கும் வாக்குமூலத்தைத்தான் நீதிபதிகள் நம்புவார்கள். கம்பெனியில் அந்த ஆளைப் பார்த்ததை 1996 பற்றிய பகுதியோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். எதைக் கண்டு அடையாளம் தெரிந்தது, நடையா குரலா முகமா என்று அம்மா சொல்லட்டும். முக்கியமாக, அந்த ஆளின் படத்தை இணையத்தில் தேடி எடுத்து அம்மாவிடம் காட்டாதீர்கள். ஒருமுறை காட்டிவிட்டால், பின்னால் நடக்கும் எந்த அடையாள அணிவகுப்பும் செல்லாது என்று எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும்.

முழு வாக்குமூலம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு அமைப்பு வந்து கேட்கும்போதும் புதிதாக ஒன்று கொடுத்தால், பத்து வருடம் கழித்து அவற்றுக்கிடையே உள்ள சின்ன வித்தியாசங்களை வைத்தே அம்மாவைக் குறுக்கு விசாரணையில் பொய்யர் ஆக்கிவிடுவார்கள். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாகச் செய்து வைப்பது நல்லது. ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: சாட்சி இறந்துபோனால் வெறும் பத்திரத்தை நம் சாட்சியச் சட்டம் எளிதில் ஏற்காது, இலங்கைச் சட்டமும் அதே அச்சில் வார்த்ததுதான். நீதிமன்ற நடவடிக்கையில் கொடுத்த வாக்குமூலத்துக்குத்தான் பலம். அப்போது கிடைத்த செஞ்சிலுவைச் சங்கச் சீட்டு, விதானையார் (கிராம அலுவலர்) கடிதம், அப்பாவின் அடையாள அட்டை நகல், மண்டபம் முகாமில் பதிவுசெய்த காகிதம் எதுவாக இருந்தாலும் அசல் உங்களிடமே இருக்கட்டும், யார் கேட்டாலும் நகல்தான்.

கொடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில், மனித உரிமைப் பேரவையின் 2021-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் குழு ஒன்று இயங்குகிறது. அங்கே கொடுப்பதை உங்கள் சம்மதம் இல்லாமல் எந்த அரசோடும் பகிரமாட்டார்கள். பின்னாளில் ஏதாவது ஒரு நாட்டு அரசுத் தரப்பு வழக்கு நடத்த முன்வந்தால் அவர்கள் போய்க் கேட்கும் இடம் அதுதான். இன்னொன்று யாழ்ப்பாணத்தில் நடக்கும் செம்மணி வழக்கு. காணாமல் போனோர் குடும்பங்களுக்காக அங்கே வழக்கறிஞர்கள் ஆஜராகிறார்கள். அவர்கள் வழியாக அப்பாவின் பெயரும், அன்று உடுத்தியிருந்த உடையின் விவரமும், தேவைப்பட்டால் மரபணு ஒப்பீட்டுக்கு உங்கள் ரத்த மாதிரியும் போய்ச் சேர வேண்டும். அப்பாவின் எலும்பு அடையாளம் தெரிந்தால் காணாமல் போன வழக்கு கொலை வழக்காக மாறும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. அந்த ஆள் மறுபடி வந்தால் நேரில் போய்க் கேட்காதீர்கள், கம்பெனி முதலாளி மூலமாகவும் விசாரிக்காதீர்கள். சந்தேகம் தட்டினால் அவர் வருவதை நிறுத்திவிடுவார், உங்களுக்கு வேலையும் போகும். பெயரையும் படத்தையும் எங்கும் போடாதீர்கள். தவறான ஆளாக இருந்தால் ஒரு நிரபராதியின் வாழ்க்கையை அழித்ததாகும், சரியான ஆளாக இருந்தாலும் அவதூறு வழக்கில் நிற்கப்போவது நீங்கள்தான். விசிட்டர்கள் பட்டியல், விசிட்டிங் கார்டு என்று உங்கள் கைக்கு வேலை வழியில் ஏற்கெனவே வந்திருப்பதைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுபோதும்.

ஒரு விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை, அதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும். இங்கே வந்த பிறகு, உதவித்தொகைக்கோ சொத்து விஷயத்துக்கோ, அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் இறந்த காரணம், தேதி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வேறு காரணம் எழுதியிருந்தால் அதை முதலில் திருத்த வேண்டும். எடுக்கவில்லை என்றால் இப்போது எடுக்க வேண்டாம். இலங்கையில் 2016 திருத்தத்துக்குப் பிறகு, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே காணாமல் போனவர் என்று சான்றிதழ் பெற வழியிருக்கிறது. அதற்கு வேண்டிய மனுவை நானே எழுதித் தருகிறேன், அப்பா கடைசியாகக் காணப்பட்ட தேதியை அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.